ஓவர்கிளாக் செய்த கார்டின் மெமரிக்குக் குட்டி ஹீட்சிங்க் ஒட்டினால் பலன் உண்டா?

பாம்பன்_பையன் | ஏப்ரல் 18, இரவு 11.20

தடைக்காலம் தொடங்கிவிட்டது. படகு கரையில் கிடக்கிறது, அப்பா கிழிந்த வலையோடு உட்கார்ந்திருக்கிறார், நான் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். ஜூன் 14 வரை நேரம் இருக்கிறதே.

கிராபிக்ஸ் கார்டு ஆர்எக்ஸ் 570, 4 ஜிபி. சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. கிரிப்டோ மைனிங்கில் ஓடிய கார்டு என்று விலையைக் கேட்டபோதே தெரிந்தது. கார்டின் முக்கிய சிப்பான கோரின் வேகத்தை நான் தொடவில்லை. மெமரியின் வேகத்தை மட்டும் கம்பெனி வைத்த 1750 மெகாஹெர்ட்ஸிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். 1925 வரை போகிறது. ஆனால் அரை மணி நேரம் விளையாடினால் திரையில் பச்சைப் புள்ளிகள் வருகின்றன, அப்புறம் கருப்புத் திரை. 2000 வைத்தால் விண்டோஸ் திறந்ததுமே கோடு கோடாக வந்து நின்றுவிடுகிறது.

ஆன்லைனில் சூட்டை இழுத்துக் காற்றில் விடும் 8 குட்டி அலுமினிய ஹீட்சிங்க் ஒரு பாக்கெட்டாக 250 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பின்னால் ஒட்டும் டேப்போடு வரும். வாங்கி ஒட்டினால் 2000 கிடைக்குமா? அறையில் ஏசி கிடையாது, பகலில் 33 டிகிரி.

---

உச்சிப்புளி_மாப்ளே | இரவு 11.31

அந்த 250 ரூபாய்க்கு நாட்டுப்படகு நண்டு வாங்கிக் குழம்பு வைத்தால் பலன் நிச்சயம்.

---

கீழக்கரை_காக்கா | ஏப்ரல் 19, காலை 6.50

தம்பி, நான் துபாயில் இருந்த காலத்திலிருந்து இந்த ஒட்டும் வேலையைப் பார்த்தவன். 2005 வாக்கில் பாதிக் கார்டுகளில் மெமரி சிப் வெறும் உடம்போடுதான் வரும். கூலர் கோரின் மேல் மட்டும் உட்கார்ந்திருக்கும். ஜால்மன் விஎஃப்700 மாதிரி கூலர் வாங்கினால் மெமரிக்கென்று குட்டி ஹீட்சிங்குகளை டப்பாவிலேயே போட்டுக் கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் ஒட்டினோம், ஒட்டியதற்கு அர்த்தமும் இருந்தது. அந்தப் பழக்கம்தான் இன்றைக்கும் கடையில் பாக்கெட்டாகத் தொங்குகிறது.

உன் கேள்வியில் இரண்டு கோளாறு இருக்கிறது. நீ ஒன்றாகச் சேர்த்துக் கேட்கிறாய். 2000-இல் உடனே கோடு வருகிறது. 1925-இல் அரை மணி கழித்து வருகிறது. முதலாவது சூட்டால் வருவது இல்லை. கார்டு சூடாவதற்கு முன்பே தோற்றுவிட்டதே! அது அந்த சிப்பின் எல்லை, அல்லது கோருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரின் எல்லை. ஹீட்சிங்க் ஒட்டினாலும் ஐஸ் பெட்டிக்குள் வைத்தாலும் பெரிதாக மாறாது. இரண்டாவதுதான் சூட்டுக் கோளாறு. உன் 250 ரூபாய்க்கு அங்கே மட்டும்தான் ஏதாவது வேலை இருக்கலாம்.

ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். மெமரி சிப்புக்குள் ஒவ்வொரு பிட்டும் ஒரு துளி மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருக்கும், அதனால் சிப் அதைத் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்கும். சூடு ஏறினால் கசிவு கூடும். ஓட்டை வள்ளத்தில் தண்ணீர் இறைப்பது மாதிரி. கசிவு ஒரு அளவைத் தாண்டினால் இறைக்கும் கை தோற்றுவிடும்.

வாங்குவதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை செய். கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவைக் கழற்று. வீட்டில் இருக்கும் டேபிள் ஃபேனைக் கார்டைப் பார்த்து முழு வேகத்தில் வை. 1925-இல் ஒரு மணி நேரம் ஓட்டு. புள்ளி வரவில்லை என்றால் சூடுதான் காரணம். அப்போதும் வந்தால் பணத்தைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்.

---

பாம்பன்_பையன் | காலை 9.15

காக்கா, இந்த மாதிரி யாரும் பிரித்துச் சொல்லவில்லை. இன்றைக்கே செய்கிறேன். மெமரி எத்தனை டிகிரி என்று எந்த சாஃப்ட்வேரிலும் காட்டவில்லையே? எச்டபிள்யூஇன்ஃபோவில் கோர் 74 என்று மட்டும் இருக்கிறது.

---

மண்டபம்_ரிப்பேர் | காலை 10.05

காட்டாது. உன் கார்டில் இருப்பது ஜிடிடிஆர்5 வகை மெமரி, அதன் சூடு சாஃப்ட்வேரில் தெரியாது. ஜிடிடிஆர்6எக்ஸ் கார்டுகளிலும் ரேடியான் 5700 முதல் வந்தவற்றிலும் அந்த எண் தெரியும். ஆனால் எச்டபிள்யூஇன்ஃபோவில் உன் கார்டுக்கு இன்னொன்று தெரியும்: மெமரி எரர் எண்ணிக்கை. கீழே உருட்டிப் பார். புள்ளியை விட அதை நம்பு.

ஜிடிடிஆர்5-இல் பிழை கண்டுபிடிக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. தரவு கெட்டுப் போனால் மறுபடி அனுப்பச் சொல்லிவிடும். திரையில் ஒன்றும் தெரியாது, ஆனால் நேரம் வீணாகும். கடைக்கு வரும் பையன்கள் பலர் 2050 ஓடுகிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். ஓட்டிப் பார்த்தால் 1900-ஐ விட நொடிக்கு வரும் ஃபிரேம் குறைவாக இருக்கும். கிளாக் ஏறியிருக்கும், பாதி வேலை திருத்தி அனுப்புவதிலேயே போயிருக்கும்.

---

ராம்நாடு_எடிட்டர் | பகல் 12.40

கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன், கார்டு 3080. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்றதும் விலை விழுந்ததே, அப்போது வாங்கியது. அதனால் தம்பியின் நிலைமை எனக்குப் புரிகிறது.

என் கார்டில் மெமரி எண் தெரியும். ரெண்டர் போட்டால் 108. அந்த வகை மெமரி 110-இல் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஃபேன் இரண்டு தெரு தாண்டிக் கேட்கும். நானும் முதலில் ஹீட்சிங்க்தான் வாங்கினேன். கார்டின் முதுகில் இருக்கும் பேக்பிளேட்டில் வரிசையாக 12 ஒட்டினேன். குறைந்தது 3 டிகிரி. என் கார்டில் மெமரி எல்லாம் கோர் பக்கம்தான் இருக்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. 3090-இல் பின்பக்கமும் 12 சிப் உண்டு, அங்கே முதுகில் ஒட்டினால் பொருள் இருக்கிறது. நான் ஒட்டியது பல்வலிக்கு முதுகில் தைலம் தேய்த்த கதை.

பலன் தந்தது சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் தெர்மல் பேட் மாற்றியதுதான். அதிலும் முதல் தடவை கோட்டை விட்டேன். பழைய பேட் என்ன கனம் என்று அளக்காமல் 2 மில்லிமீட்டர் வாங்கிப் போட்டேன். மெமரி குளிர்ந்தது, ஆனால் கூலரை பேட் தூக்கிப் பிடித்ததால் கோரில் தட்டு சரியாகப் படியவில்லை. கோர் 72-லிருந்து 84-க்கு ஏறிவிட்டது. மறுபடி பிரித்து 1.5 போட்டேன். இப்போது மெமரி 90, கோர் 71. பேட் வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் கனத்தை நம்பாதீர்கள். உங்கள் கார்டு மாடலுக்கு என்ன கனம் என்று தேடிப் பாருங்கள், முடிந்தால் பழையதை அளந்துகொள்ளுங்கள். அமுங்கியிருக்கும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

---

உச்சிப்புளி_மாப்ளே | பகல் 12.52

அக்கா, அந்த 12 ஹீட்சிங்க் இன்னும் முதுகில்தானா?

---

ராம்நாடு_எடிட்டர் | பகல் 1.10

9 இருக்கிறது. 3 எங்கேயோ விழுந்துவிட்டன. தேடவில்லை.

---

மண்டபம்_ரிப்பேர் | பகல் 1.30

மேடம், தேடுங்கள். உண்மையாகவே சொல்கிறேன்.

குட்டி ஹீட்சிங்க் விஷயத்தில் நான் பயப்படுவது இதற்குத்தான். டவர் கேபினெட்டில் கிராபிக்ஸ் கார்டு தலைகீழாகத்தான் தொங்குகிறது. ஃபேன் கீழே பார்க்கும், மெமரி சிப்பும் கீழே பார்க்கும். அதாவது நீங்கள் ஒட்டுகிற ஹீட்சிங்க் கூரையில் பல்லி மாதிரி தொங்குகிறது. கார்டு 80 டிகிரியில் ஓடும்போது மலிவான டேப்பின் பசை இளகும். அணைத்தால் இறுகும். ஆறு மாதத்தில் ஒரு நாள் விழும். கேபினெட்டின் அடியில் விழுந்தால் அதிர்ஷ்டம். தங்கச்சிமடத்திலிருந்து வந்த ஒரு கார்டில் பக்கத்தில் இருந்த, சிப்புகளுக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதிக்குள் சரிந்து குறுக்கே நின்றிருந்தது. இரண்டு மாஸ்ஃபெட் கருகி, போர்டில் ஓட்டை. மெமரி நன்றாகத்தான் இருந்தது, பாவம்.

ஒட்டுகிறவர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள். சிப்பின் மேல் இருக்கும் பழைய பேட்டின் எண்ணெய்ப் பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்கவும். வெள்ளைத் துணியில் அழுக்கு வராத வரை. விரல் படக்கூடாது. ஹீட்சிங்கை வைத்து அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கவும். பிறகு கார்டை மல்லாக்க வைத்து ஒரு இரவு விடவும். உடனே மாட்டி ஓட்டிவிட்டு விழுந்துவிட்டது என்று சொன்னால் நான் பொறுப்பில்லை.

---

உப்பளத்தான் | மாலை 5.20

வாலிநோக்கத்திலிருந்து ஒரு ஆள். நாங்கள் உப்போடு பிழைப்பவர்கள், அதனால் ஒரு வார்த்தை.

எல்லோரும் சூட்டைப் பேசுகிறீர்கள். நம் கடற்கரையில் கார்டை முதலில் தின்பது உப்பு. அலுமினியத் தகட்டில் வெள்ளைப் பொடி பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தூசி என்று ஊதுவார்கள், அது தூசி இல்லை, அலுமினியம் அரித்து வந்த பொடி. குட்டி ஹீட்சிங்கின் மெல்லிய இறக்கைகள் முதலில் போகும். செம்பில் வாங்கினால் பச்சை பூக்கும். செம்பையும் அலுமினியத்தையும் தொடவிட்டு நடுவில் உப்பு ஈரமும் இருந்தால் அலுமினியம் இன்னும் வேகமாகக் கரையும். பாம்பன் பாலத்து இரும்புக்கு என்ன பாடு பட்டார்கள் என்று தம்பிக்கே தெரியும், வீட்டு வாசலில் இருக்கிறது.

இன்னொன்று. சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். நம் ஊரில் இரவில் அந்த அளவு எந்த நாள் தாண்டாது? கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால் சூட்டில் போர்டு காய்ந்திருக்கும். வாரக்கணக்கில் அணைத்து ஜன்னலோரம் வைத்திருந்தால் போர்டின் மேல் படிந்த உப்பு ஈரமாகி வேலையைக் காட்டும். கடலுக்குப் போகும் நாட்களில் மெஷினை மூடி வைக்கிறாயா?

---

பாம்பன்_பையன் | மாலை 6.05

ஜன்னலோரம்தான் இருக்கிறது அண்ணே. கிழக்கு ஜன்னல். கடல் தெரியும் என்று வைத்தேன்.

---

உப்பளத்தான் | மாலை 6.12

உனக்குக் கடல் தெரிகிறது. கடலுக்கும் உன் கார்டு தெரிகிறது. உள் சுவர் பக்கம் நகர்த்து.

---

பாம்பன்_பையன் | ஏப்ரல் 20, இரவு 9.40

காக்கா சொன்ன சோதனை செய்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சூடு அளக்க வழி தேடினேன். வீட்டில் கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கி இருந்தது. அதைக் கார்டுக்குக் காட்டினால் 'ஹை' என்று மட்டும் சொல்லிச் சிவப்பாக மின்னுகிறது. கார்டுக்குக் காய்ச்சலாம். அப்புறம் எதிர் வீட்டு எலக்ட்ரீஷியன் மாமாவிடம் மல்டிமீட்டரும் அதோடு வரும் தெர்மோகப்பிள் கம்பியும் வாங்கினேன். கம்பியின் முனையை ஓரமாகத் தெரிந்த ஒரு மெமரி சிப்பின் மேல் சூடு தாங்கும் மஞ்சள் டேப்பால் ஒட்டினேன்.

கதவை மூடி, 1925-இல் ஓட்டினேன். 20 நிமிடத்தில் அந்த சிப் 86. எரர் எண்ணிக்கை பூஜ்யம். 27-வது நிமிடம் சிப் 88, எரர் 14. அங்கிருந்து எண் ஓடத் தொடங்கிவிட்டது. நிறுத்தினேன்.

கதவைக் கழற்றி டேபிள் ஃபேனை வைத்தேன். ஒரு மணி பத்து நிமிடம் ஓட்டினேன். சிப் 67-ஐத் தாண்டவில்லை. எரர் பூஜ்யம்.

அதே ஃபேனோடு 2000 வைத்தேன். சிப் 50 டிகிரியில் இருக்கும்போதே ஆயிரக்கணக்கில் எரர். காக்கா சொன்னது அப்படியே நடந்தது. 1960-இலும் உடனே வந்தது. 1940 சுத்தம். ஆக என் சிப்பின் எல்லை 1940 பக்கம். குளிர்ச்சியால் எனக்குக் கிடைக்கக்கூடியது 1925-ஐ நிம்மதியாக ஓட்டுவது மட்டும்தான்.

---

கீழக்கரை_காக்கா | இரவு 10.15

மாஷா அல்லாஹ், இப்படி அளந்து எழுதினால் எனக்கு வேலை குறைவு. ஜிபியூ-இஸட் சாஃப்ட்வேரைத் திறந்து மெமரி என்ன கம்பெனி என்று பார்த்தாயா?

இன்னொரு விஷயம். அந்தக் கார்டின் பயாஸில் மெமரி டைமிங், அதாவது மெமரி ஒவ்வொரு வேலைக்கும் காத்திருக்கும் நேரம், படிப்படியாகத்தான் எழுதப்பட்டிருக்கும். 1750 வரை ஒரு படி, அதைத் தாண்டினால் 2000-க்கான படி. அடுத்த படியில் டைமிங் தளர்வாக இருக்கும். அதனால் 1750-லிருந்து 1775-க்கு ஏற்றினால் சில சமயம் வேகம் குறையக்கூட செய்யும். 1925-இல் உண்மையிலேயே எத்தனை ஃபிரேம் கூடியது என்று எழுது. அதற்குப் பிறகு ஹீட்சிங்க் பேசலாம்.

---

பாம்பன்_பையன் | இரவு 10.50

எல்பிடா என்று காட்டுகிறது. ஒரே காட்சியை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். 1750-இல் 58 ஃபிரேம். 1800-இல் 57! 1925-இல் 61.

---

உச்சிப்புளி_மாப்ளே | இரவு 10.58

3 ஃபிரேமுக்கு இத்தனை பேர், ஒரு டேபிள் ஃபேன், ஒரு எலக்ட்ரீஷியன் மாமா. கணக்குப் போட்டால் 256 பிட் பாதையில் 1750-க்கு நொடிக்கு 224 ஜிபி, 1925-க்கு 246. பத்து சதவீதம் பாதையை அகலமாக்கியும் ஐந்து சதவீதம்தான் கையில் வந்தது. கோர் அதே கோர்தானே.

(நானும் படித்தவன்தான், கிண்டல் மட்டும் செய்பவன் என்று நினைக்க வேண்டாம்.)

---

மண்டபம்_ரிப்பேர் | ஏப்ரல் 21, காலை 9.30

தம்பி, 88 டிகிரி எனக்குச் சரியாகப் படவில்லை. மைக்ரான், எல்பிடா ஜிடிடிஆர்5 சிப்புக்கு மேற்பரப்பில் 95 வரை அனுமதி, அதனால் ஆபத்து என்று சொல்லமாட்டேன். ஆனால் கூலர் தொட்டுக்கொண்டிருக்கும் சிப் இவ்வளவு போகக்கூடாது. கூலரைக் கழற்றி எட்டு சிப்பையும் பார். எந்தெந்த சிப்பில் பேட் இருக்கிறது, எதில் இல்லை?

நிறையப் பேர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு ஹீட்சிங்க் ஆர்டர் போடுகிறார்கள். கூலரின் தட்டு ஏற்கெனவே சிப்பைத் தொடுகிற இடத்தில் குட்டி ஹீட்சிங்க் ஒட்ட இடமே கிடையாது. பாக்கெட்டைப் பிரித்த பிறகுதான் தெரியும்.

---

பாம்பன்_பையன் | மாலை 4.15

கழற்றினேன். நாலு ஸ்க்ரூவில் ஒன்று துருப்பிடித்துத் திரும்பவே இல்லை, உப்பளத்து அண்ணன் சிரிப்பார்.

எட்டில் ஆறு சிப்பின் மேல் கூலர் தட்டு வருகிறது. பேட் இருக்கிறது, ஆனால் காய்ந்த அப்பளம் மாதிரி. நகத்தால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. சுற்றிலும் எண்ணெய் கசிந்து மினுமினுக்கிறது. மீதி இரண்டு சிப், விஆர்எம் பக்கம் இருப்பவை, ஹீட்பைப்புக்கு நேர் கீழே வெறுமையாக நிற்கின்றன. அவற்றின் மேல் எதுவும் தொடவில்லை, பேட் வைத்த அடையாளமும் இல்லை. நான் தெர்மோகப்பிள் ஒட்டியது அந்த இரண்டில் ஒன்றுதான். ஹீட்பைப்புக்கும் சிப்புக்கும் நடுவில் உயரம் பார்த்தேன், 7 மில்லிமீட்டர் இருக்கலாம். பாக்கெட்டில் வரும் ஹீட்சிங்க் 10 மில்லிமீட்டர் உயரம் என்று போட்டிருக்கிறது.

---

மண்டபம்_ரிப்பேர் | மாலை 4.40

அப்படியென்றால் விடை வந்துவிட்டது. ஆறுக்கு புது பேட். இரண்டுக்கு மட்டும் ஹீட்சிங்க், 5 மில்லிமீட்டர் உயரத்தில். உயரமானதை அறுத்துக் குறைக்காதே, அலுமினியத் தூள் போர்டில் விழுந்தால் அதற்கு வேறு இழை திறக்க வேண்டும்.

அந்த இரண்டையும் டேப்பில் ஒட்டாதே. பக்கத்திலேயே விஆர்எம் இருக்கிறது, விழுந்தால் நேராக அங்கேதான் விழும். இரண்டு பகுதியாக வரும் தெர்மல் பசை போடு. ஒட்டினால் எடுக்க முடியாது என்பதை நினைவில் வை. இழுத்தால் சிப்போடு வரும்.

---

கீழக்கரை_காக்கா | இரவு 8.20

நானும் இதற்கு ஆமாம். மாற்றுக் கூலர் போட்டு மெமரி வெறுமையாக நிற்கிற கார்டு, தம்பியின் கார்டு மாதிரி இரண்டு சிப்பை விட்டுவிட்ட மலிவு டிசைன், இந்த இடங்களில் ஹீட்சிங்க் நல்ல காரியம். மற்றபடி பேட்டும் காற்றும் போதும். சிப் ஒன்று 2 வாட் சுற்றித்தான் கக்கும். அதில் ஒரு பகுதி அடியில் இருக்கும் சால்டர் வழியாக போர்டுக்கே போய்விடுகிறது. அவ்வளவு சூட்டுக்குக் கொஞ்சம் காற்று பட்டாலே 20 டிகிரி இறங்குகிறது, நீயே அளந்தாய். ஹீட்சிங்க் ஒட்டிவிட்டுக் காற்று போகாமல் கேபினெட்டை மூடினால் அதுவும் சேர்ந்து சூடாகி நிற்கும்.

---

பாம்பன்_பையன் | மே 2, இரவு 10.30

மன்னிக்கவும், நடுவில் பத்து நாள் காணோம். பேட் வர நேரமாகிவிட்டது, அப்புறம் அப்பாவோடு படகுக்குப் பெயின்ட்.

ஆறு சிப்புக்கு 1 மில்லிமீட்டர் பேட். இரண்டுக்கு 5 மில்லிமீட்டர் ஹீட்சிங்க், பசையோடு. கோருக்குப் புது பேஸ்ட். கேபினெட் உள் சுவருக்கு நகர்ந்துவிட்டது. முன்னால் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் சேர்த்தேன்.

கதவு மூடி, 1925, இரண்டு மணி நேரம். அதே சிப் 73-இல் நின்றது. எரர் பூஜ்யம். கோர் 74-லிருந்து 69. எந்த மாற்றம் எவ்வளவு குறைத்தது என்று கேட்காதீர்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட்டேன்.

---

கீழக்கரை_காக்கா | இரவு 10.41

கேட்கத்தான் போனேன். ஒவ்வொன்றாகச் செய்திருக்கலாம்.

---

உப்பளத்தான் | மே 3, காலை 7.00

கச்சான் காற்று பிடிப்பதற்குள் அந்த முன் ஃபேனுக்கு ஒரு வலைத் துணி போட்டுவிடு. மணலும் சேர்ந்து வரும். உங்கள் வீட்டில் வலைக்குப் பஞ்சம் இல்லை.

---

பாம்பன்_பையன் | காலை 8.25

அந்த வலையில் மீனே தப்பிக்கும் அண்ணே, மணல் நிற்குமா? அம்மாவின் பழைய சீலைத் துணி கேட்டிருக்கிறேன்.

ரிப்பேர் அண்ணே, உங்கள் கடையில் 1.5 மில்லிமீட்டர் பேட் மீதி இருக்குமா? விஆர்எம்முக்குப் போட வேண்டும். பழையதை அளந்துவிட்டேன்.

---

மண்டபம்_ரிப்பேர் | காலை 9.50

ஒரு துண்டு இருக்கிறது, காசு வேண்டாம். வரும்போது கால் கிலோ நெத்திலிக் கருவாடு. அந்தத் துருப்பிடித்த ஸ்க்ரூவையும் எடுத்து வா, வேறு தருகிறேன்.